ஒரே நாளில் முடித்த மென்பொருள் கோட் மட்டமானதா?

கேள்வி: மென்பொருள் எழுதும் எங்கள் டீமில் ஏழு பேர். இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைச் சுற்று. ஆர்டர் உறுதியானதும் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும் என்று ஒரு ஸ்டோரி (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பு) வந்தது. ஒரே நாளில் எழுதி, டெஸ்டும் போட்டு, ரிவ்யூவுக்கு அனுப்பினேன். டீமில் மூத்தவர் ஒருவர், "நாளைக்கு எஸ்எம்எஸ் கேட்பார்கள், ஆப் நோட்டிஃபிகேஷன் கேட்பார்கள். இது பள்ளிப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது" என்று எழுதித் திருப்பிவிட்டார். அப்புறம் அவரே எல்லா வகை அறிவிப்புக்கும் பொதுவாக ஓர் என்ஜின் கட்ட ஆரம்பித்தார். மூன்று ஸ்பிரின்ட் முடிந்துவிட்டது. இன்றுவரை ஒரு மின்னஞ்சல்கூடப் போகவில்லை. ஆனால் டெமோவில் கைதட்டல் அவருக்குத்தான். சிறு சிறு படிகளாக மென்பொருள் கட்டும் அஜைல் முறையில் எளிமை முக்கியம் என்கிறார்கள். எளிமையாகச் செய்பவரைச் சோம்பேறி என்றுதானே பார்க்கிறார்கள்? அப்ரைசலில் நான் எதைக் காட்டுவது? வேறு டீமுக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. கேட்டதைச் செய்தீர்கள், டெஸ்ட் எழுதினீர்கள், அன்றே அனுப்பினீர்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் உங்கள் சக ஊழியர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அது என்ன பயம் என்று புரிந்துகொள்ளாமல் எளிமைக்காக வாதாடினால், இரண்டு பேரின் ரசனைச் சண்டையாகத்தான் அது முடியும். அதனால் அவர் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று விட்டுவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும் செலவு என்பதுதான் அவருடைய பயம். மென்பொருள் துறையில் பல ஆண்டுகள் இதுவே பாடமாக இருந்தது. 1981இல் பேரி போம் என்ற மென்பொருள் ஆய்வாளர் தன் புத்தகத்தில் திரட்டிக் கொடுத்த தரவுகள், தவறை எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குத் திருத்தும் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று காட்டின. பின்னால் மாற்றுவது அவ்வளவு கஷ்டம் என்றால், முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். உங்கள் மூத்தவர் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

1999இல் கென்ட் பெக் என்ற மென்பொருளாளர், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற தன் மென்பொருள் எழுதும் முறையைப் பற்றி எழுதியபோது இந்தக் கணக்கையே கேள்வி கேட்டார். தானியங்கி டெஸ்ட்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால், கோடை அடிக்கடி ரீஃபாக்டர் செய்தால் (அது செய்யும் வேலையை மாற்றாமல் அமைப்பை மட்டும் சீராக்கினால்), எல்லாரும் எழுதுவதை அன்றன்றே ஒன்றுசேர்த்தால், ஆறு மாதம் கழித்து மாற்றும் செலவு அப்படி ஏறாமல் இருக்கலாம் அல்லவா? ஏறாது என்றால் நாளைக்கானதை இன்றே கட்ட வேண்டியதில்லை. எளிமை அவருடைய முறையில் ஒரு மதிப்பீடாக இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்காகவோ அடக்கத்துக்காகவோ அதை வைக்கவில்லை. அது ஒரு பந்தயம். அந்தப் பந்தயத்துக்கு நிபந்தனைகள் உண்டு.

இந்த நிபந்தனைகளைத்தான் நிறைய டீம்கள் மறந்துவிடுகின்றன. டெஸ்ட் இல்லாத, புதிய கோட் மாதம் ஒருமுறை மட்டும் டெப்ளாய் ஆகும் (பயனாளரிடம் போய்ச் சேரும்), ஒரு வரியை மாற்ற நாலு பேரிடம் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் "இன்றைக்கு இது போதும்" என்று சொல்வது ஆபத்தான பேச்சுதான். அங்கே உங்கள் மூத்தவர் சொல்வதே சரி. நீங்கள் டெஸ்ட் எழுதியதாகச் சொல்கிறீர்கள். மற்ற ஆறு பேரும் எழுதுகிறார்களா? நாளை ஒரு மாற்றம் வந்தால் எத்தனை மணி நேரத்தில் அது பயனாளரைச் சேரும்? இந்த இரண்டுக்கும் உங்களிடம் நல்ல பதில் இருந்தால், அவருடைய பயத்துக்கு நீங்கள் சொல்லக்கூடிய முதல் பதில் அதுதான். இல்லையென்றால் என்ஜினைப் பற்றிச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, டெஸ்டையும் டெப்ளாய்மென்டையும் சரிசெய்ய அவரையே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஆள் அவர். பின்னால் வரப்போவதை யோசிக்கிறார்.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் உருவானது 1990களின் பிற்பாதியில், க்ரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தில். அதில் பெக்குடன் வேலை செய்த ரான் ஜெஃப்ரிஸ் பரப்பிய வாசகத்தின் சுருக்கம்தான் 'யாக்னி'. "உனக்கு அது தேவைப்படப் போவதில்லை" என்பது அதன் பொருள். உங்கள் டீமிலும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ரிவ்யூவில் இந்த ஒற்றைச் சொல்லை எழுதி அடுத்தவர் வாயை அடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். எது தேவைப்படாது, ஏன் தேவைப்படாது, தேவைப்பட்டால் அன்றைக்கு என்ன செலவாகும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாதம். வெறும் யாக்னி, பள்ளிப் பிள்ளை என்று சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

சரி, உங்கள் கோட் உண்மையிலேயே எளிமையானதா? இதையும் கேட்டுவிட வேண்டும். தமிழில் எளிது, எளிமை இரண்டும் ஒரே வேர்ச்சொல். அதனால் செய்ய எளிதாக இருந்ததெல்லாம் எளிமையானது என்று நாம் சுலபமாக ஏமாந்துவிடுகிறோம். ஏற்கெனவே இருக்கும் ஐம்பது வரியைக் காப்பி எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவது எளிது. ஒரு கட்டளையில் பெரிய லைப்ரரியைக் கொண்டுவந்து இறக்குவதும் எளிது. இரண்டும் எளிமை ஆகாது. க்ளோஜர் மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி 2011இல் ஓர் உரை முழுவதையும் இந்த வேறுபாட்டுக்கே செலவிட்டார். பல இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் எளிமைக்கு எதிரி என்பது அவர் வாதம். அதைச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் ஒரு பழைய, வழக்கொழிந்த சொல்லைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சொல் கைவசமே இருக்கிறது: சிக்கல். நூலில் விழும் அதே சிக்கல்தான். கோட் நீளமாக இருக்கலாம், எழுத நாளாகியிருக்கலாம். ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறுகுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க எனக்குப் பழக்கமான அளவுகோல் கென்ட் பெக்கின் நான்கு விதிகள். எல்லா டெஸ்டும் தேற வேண்டும். எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பது படித்தாலே தெரிய வேண்டும். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. இவை மூன்றும் சரியான பிறகு, பாகங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வரிசையைக் கவனியுங்கள். 'குறைவு' கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் வைத்துக்கொண்டு எழுதினால் கோட் சின்னதாக இருக்கும், ஆனால் யாருக்கும் புரியாது.

உங்கள் மின்னஞ்சல் கோடுக்கு வருகிறேன். மெயில் சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆர்டர் போடும் அதே படியில் மின்னஞ்சலும் போகிறது என்றால், மெயில் சர்வர் பதில் சொல்ல முப்பது விநாடி எடுத்தால் வாடிக்கையாளரும் முப்பது விநாடி காத்திருக்க வேண்டியிருக்கும். இன்னும் மோசம், மின்னஞ்சல் போகாததால் ஆர்டரே ரத்தாகிவிடலாம். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று இதை எளிமையின் பெயரில் தள்ள முடியாது. எஸ்எம்எஸ் என்பது நாளைய தேவை. அது வரலாம், வராமலும் போகலாம். மெயில் சர்வர் படுப்பது இன்றைய தேவையின் கண்ணுக்குத் தெரியாத பாதி. அது கட்டாயம் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்த வேலையில் உள்ள கஷ்டம். இதை நீங்கள் ஏற்கெனவே கவனித்திருந்தால், உங்கள் ஒரு நாள் வேலை ஒரு நாளில் முடிந்ததற்காக நான் உங்களைப் பாராட்டுகிறேன். கவனிக்கவில்லை என்றால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த என்ஜின். இதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் தள்ளுபடி விதிகள் அடிக்கடி மாறும் என்று சொன்னார்கள். கோடைத் தொடாமல் திரையிலேயே விதிகளை எழுதிக்கொள்ளும்படி ஒரு விதி என்ஜின் கட்டினேன். ஐந்து மாதம் ஆயிற்று. எனக்கு அதில் உண்மையான பெருமை. அதன்பின் இரண்டு வருடத்தில் அதில் எழுதப்பட்ட விதிகள் இரண்டு. அந்த இரண்டையும் எழுதியது நான்தான், ஏனென்றால் வேறு யாருக்கும் அந்தத் திரை புரியவில்லை. மூன்றாவது விதி வந்தபோது அது என் என்ஜின் எதிர்பார்க்காத வடிவத்தில் வந்தது: வாங்குபவரின் பழைய ஆர்டர்களைப் பார்த்துத் தள்ளுபடி தர வேண்டும். நான் விதி என்றால் இந்த ஆர்டருக்குள் இருப்பதை மட்டும் பார்ப்பது என்று எண்ணிக் கட்டியிருந்தேன். அதைச் சேர்க்க என்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. இரண்டு விதிகளை நேராகக் கோடில் எழுதியிருந்தால் அந்த மூன்றாவது அரை நாள் வேலை.

அங்கே நான் கற்றது இதுதான். எதிர்காலத் தேவை வரும் என்று ஊகிப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எந்த வடிவத்தில் வரும் என்று ஊகிப்பதுதான் தவறிப்போகும். உங்கள் மூத்தவர் சொல்வது போல எஸ்எம்எஸ் வரும் என்றே வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலுக்குத் தலைப்பு உண்டு, எஸ்எம்எஸ்ஸுக்குக் கிடையாது. எஸ்எம்எஸ்ஸில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, தமிழ் போன்ற எழுத்துகளில் அனுப்பினால் அந்த வரம்பு 160இலிருந்து 70ஆகக் குறைந்துவிடும். ஆப் நோட்டிஃபிகேஷனைப் பயனாளர் தன் போனிலேயே அணைத்து வைத்திருக்கலாம். இவை மூன்றுக்கும் பொதுவான 'செய்தி' என்று ஒன்றை, மூன்றில் ஒன்றைக்கூட உண்மையில் அனுப்பிப் பார்க்காமல் எப்படி வரைவது? பொதுமை என்பது இரண்டு மூன்று நிஜ உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்த்தபின் தெரிவது. முதல்முறை நேராக எழுது, இரண்டாம்முறை கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டாவது மறுபடி எழுது, மூன்றாம்முறை பொதுவாக்கு என்று ரீஃபாக்டரிங் செய்பவர்கள் சொல்லும் வழக்கு அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. மூன்று ஸ்பிரின்ட் என்றால் ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் உங்களுக்கு எதுவும் தெரிந்துகொள்ளக் கிடைக்கவில்லை. மின்னஞ்சல் ஸ்பாமில் விழுகிறதா, யாராவது திறந்து படிக்கிறார்களா, அதில் இல்லாத எந்தத் தகவலைக் கேட்டு ஆதரவுக் குழுவுக்குப் போன் வருகிறது, எதுவும் தெரியாது. அடுத்து எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய உங்களுக்கு வேண்டிய தகவலே அதுதானே.

ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிப்போடக் கூடாது. பின்னால் மாற்ற உண்மையிலேயே கடினமான சில விஷயங்கள் உண்டு. பணத்தை டேட்டாபேஸில் எந்த வடிவத்தில் சேமிப்பது, நேரத்தை எந்த நேர மண்டலத்தில் எழுதுவது, வெளி நிறுவனங்களின் மென்பொருள்கள் நம்முடையதோடு பேசப் பயன்படுத்தும் ஏபிஐயில் எந்தப் பெயர்களை வெளியிடுவது, தனிப்பட்ட தகவலை யார் பார்க்கலாம் என்பது போன்றவை. தசமப் பணத்தை, தசமத்தைத் துல்லியமாக வைக்காத மிதவைப்புள்ளி எண்ணாகச் சேமித்துவிட்டு இரண்டு வருடம் கழித்துச் சரிசெய்வது எவ்வளவு வேதனை என்று செய்தவர்களுக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்து யோசியுங்கள், படம் வரையுங்கள், இரண்டு நாள் செலவழியுங்கள். உங்கள் மூத்தவரின் தொலைநோக்கு இங்கேதான் டீமுக்கு வேண்டும். அதை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் மனதை அறுக்கும் விஷயம், கைதட்டல். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதையொட்டி வந்த 12 கொள்கைகளில் பத்தாவது எளிமையைப் பற்றியது. செய்யாமல் விடும் வேலையின் அளவை முடிந்தமட்டும் கூட்டும் கலை என்று அதற்கு விளக்கம் கொடுத்து, அது இன்றியமையாதது என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி. உங்கள் சங்கடத்துக்கு வேரும் அதிலேயே இருக்கிறது. செய்யாமல் விட்ட வேலை யாருடைய கண்ணுக்கும் தெரியாது. டெமோவில் காட்ட முடியாது, ஸ்டோரி பாயின்ட்டில் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்ணில்) வராது. கட்டாத என்ஜினுக்கு யார் கைதட்டுவார்கள்? அதனால் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவதும் எளிமையாக எழுதுபவரின் வேலையில் ஒரு பகுதி. இதை நீங்கள் செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் நான் காணும் ஒரே குறை.

எப்படிச் செய்வது? ஒவ்வொரு முக்கியமான ஸ்டோரிக்கும், கோட் இருக்கும் ரெப்போவிலேயே ஒரு சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள். அரைப்பக்கம் போதும். என்ன கேட்டார்கள், என்ன செய்தோம், எதைத் தெரிந்தே விட்டோம், என்ன நடந்தால் திரும்ப வந்து பார்ப்போம். உங்களுடையது இப்படி இருக்கலாம்: "ஆர்டர் மின்னஞ்சல் மட்டும். எஸ்எம்எஸ் விடப்பட்டது. எஸ்எம்எஸ் ஸ்டோரி பேக்லாக்கில் (காத்திருக்கும் வேலைகளின் பட்டியலில்) முதல் ஐந்துக்குள் வந்தால் மறுபடி யோசிப்போம். அன்றைக்கு மாற்ற வேண்டியது இந்த ஒரு ஃபங்ஷன்." நாளைக்கு என்ன ஆகும் என்ற உங்கள் மூத்தவரின் கேள்விக்கு இதில் மரியாதையான ஓர் இடம் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து இந்தக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். விட்டவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்பது உங்கள் டீமின் சொந்தக் கணக்கு. ஒருபோதும் பயன்படாத அல்லது அபூர்வமாகவே பயன்படும் ஃபீச்சர்கள் 64 சதவீதம் என்று ஒரு பழைய புள்ளிவிவரத்தைப் பலரும் மேடையில் காட்டுவார்கள். அது 2002இல் ஒரு மாநாட்டில் சொல்லப்பட்டது, நான்கே மென்பொருள்களைப் பார்த்துச் சொன்னது. அதை உங்கள் வாதத்துக்கு எடுக்காதீர்கள். உங்கள் கணக்கு அதைவிட வலுவானது.

அப்ரைசலுக்கும் இதுதான் சரக்கு. "மின்னஞ்சல் அனுப்பும் வசதி செய்தேன்" என்று எழுதாதீர்கள். ஸ்டோரி எடுத்த நாளிலிருந்து பயனாளரைச் சேர்ந்த நாள்வரை எத்தனை நாள், புதிதாகப் பராமரிக்க வேண்டிய சர்வீஸ் எத்தனை சேர்ந்தது, உங்கள் பகுதியில் டீமில் வேறு எத்தனை பேர் தைரியமாகக் கை வைத்து மாற்றினார்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது எண்ணை மேலாளர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

எழுதாமல் விடுவதோடு முடிவதில்லை, இருப்பதை நீக்குவதும் இதே வேலைதான். நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்தது இதற்குச் சாட்சி. 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட ஒரு வசதியின் கோடை அவர்கள் நீக்காமல் வைத்திருந்தார்கள். 2012இல் புதிய வசதி ஒன்றை எழுதியபோது, அந்தப் பழைய வசதியை இயக்கிய அதே ஃப்ளாகை (வசதியை இயக்கும் சுவிட்சை) இதற்குப் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிய கோட் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் நேர்ந்ததைச் சரிசெய்து முடித்தபோது நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். டெப்ளாய்மென்டில் நடந்த தவறு அதில் பெரும் பங்கு என்பது உண்மை. ஆனால் அந்தப் பழைய கோட் அங்கே இல்லாதிருந்தால் விழித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. உங்கள் ரெட்ரோவில் (நடந்ததைத் திரும்பிப் பார்த்து அலசும் கூட்டத்தில்) மாதம் ஒருமுறையாவது "எதை நீக்கலாம்?" என்று கேளுங்கள். நீக்கியதையும் டெமோவில் சொல்லுங்கள்.

டீமின் நடைமுறைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் நீட்டவில்லை. ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் வழிகாட்டியை எழுதியவர்களே 2020 பதிப்பில் தினசரிக் கூட்டத்தின் அந்தப் புகழ்பெற்ற மூன்று கேள்விகளை (நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன) எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் உங்கள் ஸ்க்ரம் மாஸ்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

வேறு டீமுக்குப் போகலாமா என்றால், இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இன்னும் நீங்கள் அவரிடம் நேரில் பேசியதாகத் தெரியவில்லை, எல்லாம் ரிவ்யூ கமென்ட்டில்தான் நடந்திருக்கிறது. முதலில் தனியாகப் பேசுங்கள். "பள்ளிப் பிள்ளை என்று எழுதியது எனக்கு வலித்தது" என்பதை அப்படியே சொல்லுங்கள். அதை விழுங்கிக்கொண்டு கோடைப் பற்றி மட்டும் பேசினால் பேச்சு நேராக வராது. அப்புறம் ஒரு யோசனையை முன்வையுங்கள்: உங்கள் கோட் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குப் பின்னால் இருக்கட்டும், இந்த ஸ்பிரின்ட்டிலேயே மின்னஞ்சல் போகத் தொடங்கட்டும். அவருடைய என்ஜின் தயாரானால் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளே வந்து உட்காரலாம், வெளியே யாருக்கும் எதுவும் மாறாது. அவர் வேலையைக் கைவிடச் சொல்லவில்லை, வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்க வேண்டாம் என்கிறீர்கள், அவ்வளவுதான். இதை மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால், இந்த என்ஜின் எந்த ஸ்டோரிக்காக என்று மட்டும் கேளுங்கள், எதைக் கட்டுவது என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனரும் உடன் இருக்கும்போது.

அந்தப் பேச்சுக்குப் போகுமுன் மெயில் சர்வர் படுத்தாலும் ஆர்டர் நிற்காது என்பதற்கு ஒரு டெஸ்டைச் சேர்த்துவிடுங்கள். அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.